ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு டேப்லெட் வழிப் பயிற்சி: எது உதவும், எது உதவாது?

ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்கு 'டேப்லெட் சிகிச்சை' அளிக்கலாம் என்ற பேச்சு அண்மைக் காலமாகப் பெற்றோரிடையே பரவி வருகிறது. இது விழுங்கும் மாத்திரை பற்றிய பேச்சு அன்று; தொடுதிரைக் கைக்கணினியில் இயங்கும் பயிற்சிச் செயலிகளைப் பற்றியது. ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளை மாற்றும் மாத்திரையோ ஊசியோ இதுவரை கிடையாது. குழந்தையின் தொடர்புத் திறனை வளர்க்கும் பயிற்சிகளே வழி. அவற்றைத் தேடி அலையும் பெற்றோருக்கு, வீட்டிலிருந்தபடியே குழந்தைக்குப் பயிற்சி தரும் என்று சொல்லப்படும் ஒரு கருவி பெரும் ஆறுதலாகத் தோன்றுவது இயல்பு. அந்த ஆறுதல் எந்த அளவு உண்மையானது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• டேப்லெட் ஒரு கருவி மட்டுமே. அதை யார், எதற்காக, யாருடன் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தே பயன் அமையும்.
• குழந்தை தனியே விளையாடும் பயிற்சிச் செயலிகளால் சமூகத் தொடர்புத் திறன் வளரும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை.
• பேச்சு வராத குழந்தைக்குப் 'பேசும் கருவி'யாகவும், பெற்றோருக்குப் பயிற்சி தரும் காணொலிக் கருவியாகவும் பயன்படும்போது சான்று வலுவாக உள்ளது.
• செயலியை வாங்கிவிட்டோம் என்பதற்காக மருத்துவ மதிப்பீட்டையும் நேரடிப் பயிற்சியையும் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

இக்கேள்வி ஏன் இப்போது எழுகிறது?

இந்தியாவில் 5 இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கணித்தது. இத்தனை குழந்தைகளுக்குத் தேவையான பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோர் நம்மிடம் இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளனர். வாரத்துக்கு இரண்டு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் மாவட்டத் தலைநகருக்கு வந்து போகும் தாய்க்கு, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. 2020-இல் கொரோனா பெருந்தொற்றின்போது பயிற்சி மையங்கள் மூடப்பட்டபோது, பல குடும்பங்கள் கைபேசி வழியாகவே பயிற்சியாளருடன் தொடர்பில் இருந்தன. அந்த அனுபவம், திரை வழிப் பயிற்சி இயலும் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது.

மறுபுறம், இது வணிக வாய்ப்பாகவும் ஆகிவிட்டது. 'மூன்றே மாதத்தில் பேச வைக்கும்', 'ஆட்டிசத்தை முழுமையாக மாற்றும்' போன்ற விளம்பரங்கள் வருகின்றன. முதல் ஐந்து ஆண்டுகள் மூளை வேகமாக வளரும் காலம். அக்காலத்தின் ஆறு மாதங்களைப் பயனற்ற ஒன்றில் செலவிட்டால், அந்த ஆறு மாதங்கள் திரும்பி வருவதில்லை. எனவே இக்கேள்விக்கு விடை காண்பது உங்கள் பணத்தை மட்டும் அன்றி, குழந்தையின் காலத்தையும் காப்பதற்காகவே.

திரை ஏன் இக்குழந்தைகளை ஈர்க்கிறது?

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதை எளிதில் உள்வாங்குவர். திரையில் வரும் படம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும்; அதே ஓசை, அதே நிறம், அதே பாராட்டு. மனிதர்கள் அப்படி இல்லை. அம்மாவின் குரல் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் இருக்கும். முகபாவம் நொடிக்கு நொடி மாறும். மாறாத ஒன்றில் இக்குழந்தைகளுக்கு அமைதி கிடைக்கிறது. செயலியும் சலிப்பின்றி நூறு முறை ஒரே பாடத்தைச் சொல்லித் தரும், தவறினால் கோபிக்காது.

பயிற்சிக்கு இது ஒரு வலிமை. ஆனால் இதே காரணம்தான் அதன் வரம்பும் ஆகிறது. குழந்தைக்குக் கடினமாக இருப்பது எதுவோ அதுவே, அதாவது இன்னொரு மனிதரின் முகம், குரல், கணிக்க முடியாத பதில் ஆகியவையே, திரையில் இல்லை. திரையில் யானைப் படத்தைப் பிழையின்றித் தொடும் குழந்தை, கோயில் வாசலில் யானையைக் காணும்போது அதைச் சுட்டிக்காட்டி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். முதலாவது, படத்தை அடையாளம் காணும் திறன். இரண்டாவது, தான் கண்டதை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ளும் திறன். ஆட்டிசத்தில் நாம் வளர்க்க விரும்புவது முதன்மையாக இரண்டாவதையே. ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்தில் பயன்படுத்துவது இக்குழந்தைகளுக்குப் பொதுவாகவே கடினம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

'டேப்லெட் சிகிச்சை' என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு பயன்பாடுகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனியே காண்பது அவசியம்.

1. குழந்தைக்கான பயிற்சி விளையாட்டு

இவ்வகையில் நன்கு ஆராயப்பட்ட ஒன்று ஆஸ்திரேலியாவில் உருவான 'டோபி' என்னும் ஐபேட் செயலி. பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்திலும் பின்னர் டீக்கின் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய கணினி அறிஞர்கள், ஆட்டிச வல்லுநர்களுடன் சேர்ந்து இதை வடிவமைத்தனர். நோயறிதலுக்கும் முதல் பயிற்சி வகுப்புக்கும் இடையில் குடும்பங்கள் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல் இருப்பதே அதன் நோக்கம். போலச் செய்தல், பொருள்களை வேறுபடுத்தி அறிதல், சொற்களைப் புரிந்துகொள்ளுதல், பிறருடன் கவனத்தைப் பகிர்தல் ஆகிய திறன்களுக்கான பாடங்கள் அதில் இருந்தன. குழந்தை தனியே செய்பவை, பெற்றோருடன் சேர்ந்து செய்பவை, திரையை விட்டு வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்பவை என அப்பாடங்கள் மூவகைப்பட்டன.

அச்செயலியின் பயனை அறிய 80 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஒரு பிரிவினர் வழக்கமான பயிற்சியை மட்டும் பெற்றனர். மறு பிரிவினர் அதனுடன் நாளொன்றுக்குக் குறைந்தது 20 நிமிடம் செயலியையும் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். முதன்மையாக அளவிடப்பட்ட ஆட்டிசக் கூறுகளில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆறு மாத முடிவில், கைவிரல்களின் நுண்செயல்திறன், காட்சி வழிப் புரிதல், புரிந்துகொள்ளும் சொற்களின் எண்ணிக்கை போன்ற சில துணை அளவீடுகளில் செயலியைப் பயன்படுத்தியோர் சற்று முன்னேறியிருந்தனர். முதல் மூன்று மாதங்களுக்குப் பின் பெரும்பாலான குடும்பங்களில் செயலியின் பயன்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. பெற்றோரின் ஆர்வக் குறைவு என்று இதை எண்ணிவிடக் கூடாது. ஒரு சிறு குழந்தையுடன் நாள்தோறும் அமர்ந்து ஒரே பாடத்தைச் செய்வது உழைப்பைக் கோரும் பணி. செயலி அந்த உழைப்பை நீக்கிவிடுவதில்லை.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 6 வயதுக்கு உட்பட்ட 54 குழந்தைகளிடம் வேறொரு ஐபேட் விளையாட்டைச் சோதித்தனர். திரையில் உள்ள மனிதரைக் கண்டுபிடிப்பது, அவர் பார்க்கும் அல்லது சுட்டும் பொருளைத் தொடுவது ஆகியவை அதன் பாடங்கள். குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் விளையாட்டு பிடித்திருந்தது. ஆயினும், பெற்றோருடன் நேரில் விளையாடும்போது குழந்தையின் சமூகத் தொடர்பு மேம்பட்டதா என்று அளந்தபோது, விளையாடியோருக்கும் விளையாடாதோருக்கும் வேறுபாடு தென்படவில்லை. இம்முடிவு 2016-இல் வெளியானது.

சிறு குழந்தைகளுக்கான ஆட்டிசப் பயிற்சிகள் பற்றிய 252 ஆய்வுகளைத் தொகுத்து, 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு பகுப்பாய்வை வெளியிட்டது. தொழில்நுட்பம் சார்ந்த பயிற்சிகளாலும் சில நன்மைகள் உண்டு என்று அது காட்டியது. அதே வேளையில், இத்துறை ஆய்வுகள் பலவற்றின் தரம் போதுமானதாக இல்லை என்றும் எச்சரித்தது. 'தொழில்நுட்பம்' என்ற தொகுப்பில் பல்வேறு வகைக் கருவிகள் அடங்கும் என்பதால், கடையில் கிடைக்கும் ஒரு குறிப்பிட்ட செயலிக்கு அதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

நாம் கொள்ள வேண்டிய முடிவு இது: பயிற்சி விளையாட்டுகள் தீங்கானவை அல்ல, சொல்லறிவு, நிறம், வடிவம், வரிசை போன்றவற்றைக் கற்பிக்கத் துணையாகலாம். ஆனால் அவை நேரடிப் பயிற்சிக்கு மாற்று அல்ல.

2. குழந்தையின் குரலாக

பேச்சு வராத அல்லது மிகக் குறைவாகப் பேசும் குழந்தைக்கு, டேப்லெட் வேறொரு வகையில் உதவுகிறது. திரையில் 'தண்ணீர்', 'வேண்டாம்', 'வலிக்கிறது', 'வெளியே போகலாம்' என்பன போன்ற படங்கள் இருக்கும். குழந்தை படத்தைத் தொட்டால் கருவி அச்சொல்லை ஒலிக்கும். இதனை மாற்றுவழித் தொடர்புமுறை என்கிறோம். சென்னையில் உருவான 'ஆவாஸ்' என்னும் செயலி இவ்வகையைச் சேர்ந்தது. இங்கு அதன் பெயர் வருவது எடுத்துக்காட்டாக மட்டுமே; பரிந்துரையாக அன்று.

அமெரிக்காவில் கோனி கசாரி தலைமையிலான குழு, மிகக் குறைவாகப் பேசும் 5 முதல் 8 வயது வரையிலான 61 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. அனைவருக்கும் விளையாட்டு வழித் தொடர்புப் பயிற்சி நேரடியாக அளிக்கப்பட்டது. அப்பயிற்சியோடு தொடக்கத்திலிருந்தே பேசும் கருவியையும் பெற்ற குழந்தைகள், கருவியின்றிப் பயிற்சி பெற்றோரைவிட அதிகமாகத் தாமாகவே தொடர்புகொள்ளத் தொடங்கினர். கருவியுடன் ஒரு பயிற்சியாளர் எப்போதும் இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

'கருவி பேசிவிட்டால் பிள்ளை வாய் திறக்குமா?' என்று பாட்டி தாத்தாக்கள் கவலைப்படுவது உண்டு. மாற்றுவழித் தொடர்புமுறை பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை; சில குழந்தைகளுக்கு அது பேச்சு மலரவும் துணைசெய்கிறது. வயிற்றுவலியைச் சொல்ல வழியில்லாத குழந்தை தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளக்கூடும். அதே குழந்தை 'வலிக்கிறது' என்ற படத்தைத் தொடக் கற்றுக்கொண்டால், அந்த வீட்டின் இரவுகள் மாறிவிடும்.

டேப்லெட் வாங்க வசதியில்லை என்றால் இவ்வழி மூடிவிடுவதில்லை. தட்டு, டம்ளர், பந்து, செருப்பு, கழிப்பறை எனக் குழந்தை அன்றாடம் காணும் பொருள்களின் படங்களை அட்டையில் ஒட்டி, அதே முறையைத் தொடங்கலாம். உங்கள் வீட்டுப் பொருள்களையே படம் எடுத்து ஒட்டுவது இன்னும் நல்லது. எந்தச் சொற்களிலிருந்து தொடங்குவது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

3. பெற்றோருக்குக் கண்ணாடியாக

மூன்றாவது பயன்பாடு விளம்பரங்களில் இடம்பெறுவதே இல்லை. ஆயினும் சான்று வலுவாக இருப்பது இதற்குத்தான். இதில் திரையைப் பார்ப்பவர் குழந்தை அல்லர், பெற்றோர்.

நீங்கள் குழந்தையுடன் விளையாடும் பத்து நிமிடங்கள் காணொலியாகப் பதிவு செய்யப்படும். பின்னர் பயிற்சியாளர் உங்களுடன் அமர்ந்து அதை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். குழந்தை ஒரு கணம் உங்கள் கையைப் பார்த்தது; நீங்கள் அதைக் கவனிக்காமல் அடுத்த பொம்மையை எடுத்துவிட்டீர்கள். குழந்தை காரின் சக்கரத்தைச் சுழற்றியபோது நீங்களும் சுழற்றினீர்கள். உடனே குழந்தை உங்களை நிமிர்ந்து பார்த்தது. ஆட்டிசம் உள்ள குழந்தை தரும் சைகைகள் மிகச் சிறியவை, வேகமாக மறைபவை. நேரில் தவறவிடும் அவற்றைக் காணொலியில் காணப் பழகிய பெற்றோர், நாள் முழுவதும் அவற்றுக்கு மறுமொழி தரத் தொடங்குகின்றனர்.

இம்முறையைக் கொண்டு இங்கிலாந்தில் 152 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2010-இல் லான்செட் இதழில் வெளியானது. பெற்றோரும் குழந்தையும் உறவாடும் விதத்தில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. ஆட்டிசக் கூறுகளின் தீவிரத்தில் உடனடி வேறுபாடு பெரிதாக இல்லை. அக்குழந்தைகளுள் பெரும்பாலோரை ஏறத்தாழ 6 ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்ற பிரிவில் தீவிரம் குறைவாக இருந்தது. அதே முறையை நம் பகுதிக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களிடம் சோதித்தனர். அங்கே பயிற்சி அளித்தவர்கள் சிறப்பு வல்லுநர்கள் அல்லர். பயிற்றுவிக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். 2016-இல் வெளியான முடிவுகளின்படி, பெற்றோர் குழந்தைக்கு இசைவாக மறுமொழி தருவது கூடியது. குழந்தைகளும் தாமாகத் தொடர்பு கொள்வது அதிகரித்தது. வல்லுநர் பற்றாக்குறை நிலவும் நம்மைப் போன்ற இடங்களுக்கு இது முக்கியமான செய்தி.

பெற்றோருக்குப் பயிற்சி தருவதால், பெற்றோரின் குறையால்தான் ஆட்டிசம் வந்தது என்று பொருள் கொள்ள வேண்டாம். வளர்ப்பு முறையால் ஆட்டிசம் உண்டாவதில்லை. குழந்தையுடன் அதிக நேரம் இருப்பவர் நீங்கள் என்பதால், உங்கள் வழியாகச் செல்லும் பயிற்சி அதிக நேரம் குழந்தையைச் சென்றடைகிறது.

திரை நேரமும் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற சொல்லும்

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம்; 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மிகாமல், பெரியவர் மேற்பார்வையில் மட்டுமே அனுமதிக்கலாம் என்று இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் வழிகாட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 2 முதல் 4 வயது வரை 1 மணி நேரம் என்ற வரம்பையே கூறுகிறது. பயிற்சிச் செயலிக்கான நேரமும் இவ்வரம்புக்குள் அடங்க வேண்டும். பேசும் கருவிக்கு இவ்வரம்பு பொருந்தாது. அது குழந்தையின் குரல். குறும்பு செய்ததற்குத் தண்டனையாக அதைப் பிடுங்கி வைப்பது, குழந்தையின் வாயை மூடுவதற்கு ஒப்பாகும்.

'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற சொல்லைச் சமூக ஊடகங்களில் கண்டிருப்பீர்கள். இது மருத்துவ வகைப்பாடுகளில் இடம்பெற்ற நோயறிதல் அன்று. அளவுக்கு மீறிய திரை நேரம் பேச்சு வளர்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடும். பேச்சு, விளையாட்டு, உறக்கம் ஆகியவற்றுக்கான நேரத்தை அது விழுங்கிவிடுகிறது. திரையைக் குறைத்ததும் சில குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிவதும் உண்மையே. ஆனால் 'போனை நிறுத்தினால் சரியாகிவிடும்' என்று நம்பி மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவது பிழை. இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்: திரையைக் குறையுங்கள், மதிப்பீட்டுக்கும் அழைத்து வாருங்கள். குழந்தைக்குப் போன் கொடுத்ததால்தான் ஆட்டிசம் வந்துவிட்டது என்று எந்தத் தாயும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. பிறரும் அவ்வாறு பழி சுமத்தக் கூடாது.

வீட்டில் பயன்படுத்துவது எப்படி?

பயிற்சியாளரின் ஆலோசனையுடன் ஒரு செயலியைப் பயன்படுத்த முடிவு செய்திருந்தால், பின்வருவன உதவும்.

• நாளுக்கு 20 நிமிடம் போதும். அதை ஒரே மூச்சில் செய்யாமல் 10 நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.
• குழந்தையின் பின்னால் அமராமல், பக்கவாட்டிலோ எதிரிலோ, முகம் தெரியும்படி தரையில் அமருங்கள்.
• ஒவ்வொரு பாடத்துக்கும் பின் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே பாடத்தை நேரில் செய்யுங்கள். திரையில் வாழைப்பழத்தைத் தொட்டால், கையில் வாழைப்பழத்தைக் கொடுத்து உரித்துக் காட்டுங்கள். பாதியை நீங்கள் கேட்டு வாங்குங்கள்.
• ஒரு சொல்லைத் திரையில் கற்ற பின், அது சமையலறையிலும் தெருவிலும் கடையிலும் குழந்தைக்கு நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். அங்கே வந்தால்தான் கற்றதாகக் கணக்கு.
• முடிவை முன்கூட்டியே தெரிவியுங்கள். மணல் கடிகாரம், 'இன்னும் இரண்டு' எனக் காட்டும் விரல்கள், அடுத்து என்ன என்று காட்டும் படம் ஆகியவை, கருவியைத் திரும்ப வாங்கும்போது எழும் அழுகையைக் குறைக்கும்.
• உணவு ஊட்டும்போதும், உறங்கச் செல்வதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் திரை வேண்டாம்.
• பயிற்சி நேரத்தில் இணையத்தையும் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். கருவியை அந்த ஒரு செயலியை விட்டு வெளியேற முடியாதவாறு பூட்டி வைக்கலாம்.

குழந்தைக்கு நடுக்கம், வெறித்த பார்வை, சில நொடிகள் நினைவிழத்தல் போன்றவை திரையின் முன்னோ மற்ற நேரத்திலோ தோன்றினால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் வலிப்பு நோய் பொதுவைவிட அதிகமாகக் காணப்படுகிறது.

பணம் செலுத்தும் முன் கேட்க வேண்டியவை

• இச்செயலி எத்தனை குழந்தைகளிடம், யாரால் சோதிக்கப்பட்டது? ஒப்பீட்டுப் பிரிவு இருந்ததா? பெற்றோரின் பாராட்டுக் காணொலிகள் ஆய்வு ஆகா.
• முன்னேற்றம் எங்கே அளக்கப்பட்டது? திரையில் பெறும் மதிப்பெண், வாழ்வில் ஏற்படும் மாற்றம் ஆகாது.
• தமிழில் இயங்குமா? வீட்டில் பேசாத மொழியில் கற்ற சொல் குழந்தைக்கு அம்மாவிடம் பயன்படாது.
• குழந்தையின் காணொலியும் விவரங்களும் எங்கே சேமிக்கப்படும்? யாருடன் பகிரப்படும்? 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது.
• ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கிறார்களா? ஒரு மாதம் பயன்படுத்திப் பார்க்க வழி இருக்கிறதா?

'முற்றிலும் குணமாக்குவோம்' என்று உறுதி கூறுபவர் யாராயினும், அங்கிருந்து விலகி வாருங்கள்.

செயலியால் ஆட்டிசத்தைக் கண்டறிய முடியுமா?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 17 முதல் 36 மாதம் வரையிலான 475 குழந்தைகளிடம் டேப்லெட் செயலியைச் சோதித்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. குழந்தையின் பார்வை, முக அசைவு, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவது ஆகியவற்றைக் கருவியின் கேமரா பதிவு செய்கிறது. அதன் முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆயினும் இத்தகைய கருவிகள் ஐயத்தை எழுப்ப உதவுபவை. நோயறிதல் மருத்துவக் குழுவின் நேரடி மதிப்பீட்டால் மட்டுமே அமையும். கைபேசியில் வரும் 'ஆட்டிசம் இல்லை' என்ற முடிவைக் கண்டு, உங்கள் மனத்தில் உள்ள ஐயத்தைக் கைவிட வேண்டாம்.

எப்போது, எங்கே செல்வது?

பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்:

• 12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை. மழலை ஒலியோ கை அசைத்தலோ இல்லாமை
• 18 மாதத்தில் விரலால் சுட்டிக்காட்டாமை; ஒரு சொல்கூடப் பேசாமை
• 24 மாதத்தில் இரண்டு சொற்களை இணைத்துப் பேசாமை
• எந்த வயதிலும், ஏற்கெனவே இருந்த பேச்சோ பழக்கமோ மறைந்துபோதல்

முதலில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவையோ அணுகுங்கள். செவித்திறன் பரிசோதனையும் அவசியம். காது கேளாமையும் இதே போன்ற அறிகுறிகளைக் காட்டலாம். 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறை வருகின்றனர்; அவர்களிடமும் தெரிவிக்கலாம். மேல் மதிப்பீடும் பயிற்சியும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் இச்சேவைகள் உள்ளன. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைத்து மருத்துவ ஆலோசனை பெறலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. மதிப்பீட்டுக்குப் பின் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பயன் பெறலாம். பயிற்சிச் செலவுகளுக்கும் அதில் இடமுண்டு. பணம் கட்டிச் செயலி வாங்குவதற்கு முன், உங்களுக்கு உரிமையாக உள்ள இவற்றைப் பெற்றீர்களா என்று பாருங்கள்.

மையத்தில் இடம் கிடைக்கச் சில வாரங்கள் காத்திருக்க நேர்ந்தால், அந்த நாள்களில் செய்வதற்கு ஒன்று உண்டு. நாளுக்கு இரு முறை, பத்து நிமிடம், எல்லாத் திரைகளையும் அணைத்துவிட்டு, குழந்தைக்கு எதிரே தரையில் அமருங்கள். குழந்தை எதை எடுக்கிறதோ அதை நீங்களும் எடுங்கள். எதைச் செய்கிறதோ அதையே செய்யுங்கள். ஒரு சொல் சொல்லிவிட்டு, பதிலுக்காக ஐந்து வரை மனத்துக்குள் எண்ணிக் காத்திருங்கள். வாரத்துக்கு ஒரு முறை வீட்டில் இன்னொருவரைக் கொண்டு அதைக் கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். முதல் நாள் மையத்துக்கு வரும்போது அக்காணொலிகளை எடுத்து வாருங்கள்; மருத்துவக் குழுவின் மதிப்பீட்டுக்கு அவை பெரிதும் துணைசெய்யும்.